கழுத்தில் வந்த வெளிச்சம்

ஸ்கேன் திரையில் அக்காவின் கழுத்து இரண்டு பக்கமும் கொழுந்துவிட்டு எரிந்தது. டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பதில் தெரியாத நேரத்தில் அவர் செய்கிற வேலை அது.

"ஊசி போட்ட பிறகு அவங்க இருந்த ரூம் குளிரா இருந்துச்சா?" என்றார். "கட்டி திரும்ப வந்திருந்தாலும் இந்த வெளிச்சத்துல தெரியாதும்மா."

அவர் கேட்டது தங்கையிடம். அவள் வேலை பார்க்கும் ஆராய்ச்சிக்கூடத்தில் அவளுக்கு எலியம்மா என்றுதான் பெயர். ஸ்கேனில் ஒளிர்வதற்காகப் போடும் புதிய கதிர்மருந்து மனித உடம்புக்கு வருவதற்கு முன்னால், கட்டி வளர்ந்த எலிகளுக்கு அதைப் போட்டுப் படம் எடுத்துப் பார்த்தவள் அவள்தான். ஒப்பிட்டுப் பார்க்க, ஆஸ்பத்திரிகளில் வழக்கமாகப் போடும் பழைய மருந்தையும் எலிகளுக்குப் போடுவாள். அப்போது கூண்டுக்கு மேலே விளக்கைப் போட்டு எலியைச் சூடாக்காமல் ஒரு நாளும் அவள் ஊசியைத் தொட்டதில்லை. குளிர் பட்டால் உடம்பு கழுத்துக் கொழுப்பை எரித்துச் சூடு தேடும். பழைய மருந்தோ சர்க்கரை மாதிரி. எங்கே எரிகிறதோ அங்கெல்லாம் ஓடும். கட்டி எது, குளிர் எது என்று பிரிக்கவே முடியாது.

முந்தாநாள் அக்காவுக்குப் பழைய மருந்தைப் போட்டவளும் அவள்தான். வேறு ஆளை விடச் சொல்லியும் கேட்கவில்லை. பேசினால் தொண்டைத் தசைகூடப் படத்தில் ஒளிரும், வாயைத் திறக்காதே என்று சொல்லிச் சொல்லி உட்காரவைத்தாள். ஓயாமல் பேசுகிற அக்கா அதிசயமாக வாயை மூடிக்கொண்டிருந்தாள். கையை மட்டும் காட்டி ஏதோ கேட்டாள். தங்கை உதட்டில் விரலை வைத்துக் காட்டிவிட்டுப் போய்விட்டாள்.

கட்டி இருக்கிறதா என்று பார்க்க, இன்றைக்கு அதே அறையில் புது மருந்தோடு நின்றாள்.

"அன்னைக்குக் கையக் காட்டினியே, எதுக்குக்கா?"

"போர்வை கேட்டேன். நீ பெரிய டீச்சர் மாதிரி வெரல வச்சிட்டுப் போயிட்ட."

"வாயத் தொறந்து சொல்லியிருக்கலாம்ல?"

"பேசாதேன்னது யாருடி? உன் பேச்ச ஒரே ஒரு நாள் கேட்டேன், அதுக்கு இந்தக் கதி."

"எலிக்கெல்லாம் விளக்குப் போடுவேன்க்கா..." தங்கை மூக்கை உறிஞ்சினாள்.

அக்கா ஊசியைக் காட்டினாள். "சரி, மூக்க உறிஞ்சாத. இது என்ன பண்ணும்?"

"செல்லு புதுசாப் பெருகற எடத்துக்குத்தான் போகும். கழுத்துல கட்டி இருந்தாத்தான் அங்க வெளிச்சம் வரும், குளிரெல்லாம் இதுக்கு ஒண்ணுமில்ல. எலியில அப்படித்தான் பார்த்தோம்."

"எலியில."

"ம். மனுஷங்க கிட்டயும் அப்படியே வருதான்னு பார்க்கத்தான் இந்தச் சோதனை."

அக்கா சட்டைக் கையை மேலே ஏற்றிவிட்டாள். "போடு. நீ எலியம்மான்னா நான் எலிக்குப் பெரியம்மாதான?"

இந்த மருந்துக்குப் போர்வை தேவையில்லை. தெரிந்தும் ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு போர்த்தி, ஓரங்களை அக்காவின் காலுக்கடியில் செருகிவிட்டாள்.

படம் தொடையிலிருந்து மேல்நோக்கி வந்தது. எலும்புக்குள் ரத்தம் புதிதாக ஊறிக்கொண்டே இருப்பதால், முதுகெலும்பு ஒவ்வொரு கணுவாக ஒளிர்ந்தது. எலிகளிலும் இப்படித்தான் இருந்தது. இடுப்பு, வயிறு, நெஞ்சு. டாக்டர் மறுபடி கண்ணாடியைக் கழற்றினார்.

படுக்கை இன்னும் கொஞ்சம் நகர்ந்து நின்றது. திரையில் கழுத்து வரவேண்டிய இடம் கறுப்பாகவே இருந்தது. அந்தப் பகுதியை இயந்திரம் இப்போதுதான் எடுக்க ஆரம்பித்திருந்தது. தடுப்புக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அக்காவின் போர்வை மெல்ல ஏறி இறங்கியது.