விரல் நுனியில் நானூற்றுப் பன்னிரண்டு

1

என் மருமகள் ஷர்மிளா பானுவிடம் சொல்லாமல் விட்ட ஒன்றிலிருந்து பிறந்த கதை இது. நேரில் வாய் வரவில்லை. எழுதினால் வருமா என்று பார்க்கிறேன். அருப்புக்கோட்டையில் எங்கள் குடும்பம் யார் முன்னாலும் தலைகுனிந்து நின்றதில்லை. (இந்த வாக்கியத்தைப் பெருமையாகத்தான் எழுதினேன். அடிக்க மனமில்லை, இருக்கட்டும்.)

முதல் தொடக்கம்: "ஒரு பெரியவர் இருந்தார். அவருடைய பேத்திக்கு"

வேண்டாம். பெரியவர் நான்தான்.

2

போன ஐப்பசியில் என் பேத்தி ஷஹீனா, ஏழு வயது, நிமோனியா முற்றி மதுரையில் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தாள். மகன் இர்பான் சவுதியில், தம்மாமில் வேலை. நான் உள்ளே போனபோது சட்டைப்பையில், குர்ஆன் வசனம் சொல்லிப் பாத்தியா ஓதிய சீனி இருந்தது. எங்கள் வீட்டில் நோயாளிக்கு முதலில் அதுதான், பிறகுதான் மருந்து. பிள்ளையின் வாயில் ஆக்சிஜன் முகமூடி. அதனால் ஒரு சிட்டிகையை அவள் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடிப் பிடித்துக்கொண்டேன். வியர்வையில் அது கரைந்துபோனது.

[முதல் பிரதியில் சீனியை வைத்தது ஷர்மிளா. மூன்று நாள் அப்படியே விட்டிருந்தேன். ஆனால் அவள் கை கழுவாமல் பிள்ளையைத் தொடமாட்டாள். பாத்திரம் ஒத்துழைக்கவில்லை.]

3

சற்று நேரத்தில் நர்ஸ் ஈஸ்வரி அந்தக் கையின் விரலை ஸ்பிரிட் பஞ்சால் ஒரு தடவை துடைத்து, குத்தி, சொட்டு ரத்தம் எடுத்தார். சர்க்கரை பார்க்கும் கருவியில் 412.

டாக்டர் என்னையும் ஷர்மிளாவையும் அழைத்தார். "வீட்ல யாருக்கும் சுகர் இருக்கா?"

"எங்க வம்சத்துலயே கிடையாது. மருமக வீட்டுப் பக்கம் உண்டு. அவுக அம்மாவுக்கு."

ஷர்மிளா என்னைப் பார்த்தாள். "அம்மாவுக்கு அம்பது வயசுக்கு மேலதான மாமா வந்துச்சு?"

"வந்துச்சுல்ல?"

டாக்டர் அவளிடம் சொன்னார்: "நோய் கடுமையா இருந்தா சுகரே இல்லாத பிள்ளைக்கும் ஏறும்மா. ஆனா நானூறுங்கிறது அதிகம். நரம்புல ரத்தம் எடுத்துப் பாத்துட்டுத்தான் இன்சுலின். அவசரப்பட்டுப் போட்டு ரொம்ப இறங்கிட்டா மூளைக்கு ஆபத்து."

அப்போதுதான் எனக்கு உறைத்தது: குத்திய விரலில் என் சீனி ஒட்டியிருந்திருக்கும். ஷர்மிளா பிள்ளையிடம் போனதும் ஈஸ்வரி என்னருகே வந்தார்.

"பெரியவரே, பிள்ள கையில எதுவும் வச்சீகளா? பிசுபிசுன்னு இருந்துச்சு."

"நானா? கழுவின கைம்மா இது."

["ஆமாம்மா, சீனி வச்சேன்." இப்படியும் எழுதிப் பார்த்தேன். படிக்க நன்றாக இருந்தது. நடக்கவில்லை.]

நாற்பது நிமிடம் கழித்து நரம்பு ரத்தத்தின் முடிவு வந்தது: 186. "இது நோயோட ஏத்தம். இன்சுலின் வேண்டாம், தானா இறங்கும். மணிக்கொரு தடவை பாப்போம்," என்றார் டாக்டர். மறுநாள் இறங்கியது. அந்த நாற்பது நிமிடத்துக்குள் யாராவது அவசரப்பட்டிருந்தால் என்பதை எழுதத் தொடங்கி

4

ஷஹீனா பிழைத்தாள். ஷர்மிளா அவளைக் கூட்டிக்கொண்டு மல்லாங்கிணற்றிலுள்ள தாய்வீட்டுக்குப் போனவள் திரும்பவில்லை. டாக்டர் சுகர் இல்லை என்றது அவள் காதில் ஏறவில்லை. நான் சொன்னதுதான் ஏறியிருக்கிறது. தன் ரத்தத்திலிருந்து அது பிள்ளைக்கு வந்துவிடும் என்று ஒரு கருவி வாங்கி வாராவாரம் குத்திப் பார்க்கிறாள். வெள்ளிக்கிழமை எனக்குப் போன் வரும். வாரத்தில் இந்த வீட்டில் கேட்கும் பேச்சு அது ஒன்றுதான்.

"நூத்திநாலு மாமா."

"சரிம்மா."

பின்னாலிருந்து பிள்ளை என்னிடம்: "நன்னா, வலிக்குது. வேணாம்னு சொல்லுங்க."

"அம்மா சொன்னாக் கேளுத்தா."

முடிவு ஒன்று: மல்லாங்கிணறு பஸ் ஏறிப் போய்ச் சொல்கிறேன். முடிவு இரண்டு: என் மௌத்துக்குப் பிறகு இந்தத் தாள்கள் அவள் கைக்குக் கிடைக்கின்றன. இரண்டாவது எனக்கு வசதி. அதனாலேயே அடித்துவிட்டேன்.

இன்று வெள்ளிக்கிழமை. எழுதிக்கொண்டிருக்கும்போதே போன் வந்துவிட்டது.

"நூத்திப்பதினெட்டு மாமா. கூடியிருக்குல்ல? இனிமே தினமும் பாத்துர்றேன்."

நான் இன்னும் "சரிம்மா" சொல்லவில்லை. அடுத்த வரியை என்னால் எழுத முடியவில்லை. படிக்கிறவர்களே, நீங்கள் எழுதுங்கள். சீக்கிரம். அவள் லைனில் இருக்கிறாள்.