போதுமா என்று கேட்ட பேராசிரியர்

எட்டு வருசப் படிப்பைக் கடல் கடந்து அனுப்ப, 1984இல் கல்முனைத் தபாற்கந்தோரில் ஒன்பது ரூபா முத்திரை. ஜவுபர் உப்பேறிய வயல் மண்ணை ஆராய்ந்து கலாநிதி என்னும் முனைவர் பட்டம் எடுத்தவன். பல்கலைக்கழகத்தில் தற்காலிக விரிவுரையாளர் தவணை முடிந்துபோக, பத்து மாதமாக ஆராய்ச்சி வேலை கேட்டுப் பிறநாட்டுப் பேராசிரியர்களுக்கு எழுதிக்கொண்டிருந்தான். கடிதங்களை அடித்துக் கொடுத்தவர் பஸாரில் டைப்பிங் கடை வைத்திருந்த பாண்டிருப்புத் தங்கராசா. "மண்ணுக்கு வைத்தியம் பாக்கிற ஆளிட்டக் கூலி வாங்கலாமா?" என்று காகிதத்துக்கான காசு மட்டுமே எடுப்பார்.

நாற்பத்தோராவது கடிதத்துக்கு ஒல்லாந்துப் பேராசிரியர் ஒருவரிடமிருந்து பதில் வந்தது; அதுவரை வந்த மூன்று பதிலும் இடமில்லை என்றவை. இரண்டு வருச வேலை. சம்பளம் இவ்வளவு, இது உங்களுக்குப் போதுமா என அறியத்தரவும்.

"அல்ஹம்துலில்லாஹ்!" ஜவுபர் கடிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

அவனுடைய ராத்தாவின், அதாவது அக்காவின், புருசன் அபுல் ஹஸன், சாறன் துணிக்கடை முதலாளி. கடைசி வரியை மட்டும் இரண்டாந்தரம் வாசிக்கச் சொன்னார்.

"போதுமாண்டு அவனே கேக்கிறான். விலை கதைக்க வாசலைத் துறந்து வெச்சிரிக்கான், நீ ஓமெண்டு தலையாட்டப் போறியா?"

"மச்சான், அவங்க பேரம் பேசுற ஆக்களில்லை."

"ஒல்லாந்தனா? அந்தக் காலம் கறுவாப்பட்டை வாங்க வந்தவன்தானேடா! அரைவாசி கூட்டிக் கேளு. கொஞ்சம் குறைப்பான். மிச்சம் ஒனக்கு லாபம்."

பத்து மாதமாகச் சோறு போட்டவர். ஜவுபர் மறுக்காமல் டைப்பிங் கடைக்கு நடந்தான்.

தங்கராசாவின் விரல் அரைவாசி கூட்டிய அந்தத் தொகையில் நின்றது. "தம்பி, இலக்கம் சரிதானா?"

"அடிங்க அண்ணன்."

ஆறாம் வாரம் மறுமொழி வந்தது. மிக மரியாதையான கடிதம். சம்பளம் அரசாங்கம் வைத்தது, ஒரு சதமும் கூட்ட வழியில்லை. அது தங்களுக்குப் போதாது என்று விளங்கி, இடத்தை இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டோம். ஆறு மாதத்துக்கு ஆய்வுகூட உதவியாளர் இடம் ஒன்று இருக்கிறது. குடுவைகள் கழுவி அடுக்கும் வேலை, மூன்றிலொரு பங்கு சம்பளம். தங்களிடம் இதைக் கேட்கக் கூச்சமாக இருக்கிறது.

அபுல் ஹஸன் கடைக்கு வந்தவர்களைக்கூடக் கவனிக்கவில்லை. "ஒத்தச் சொல்லோட எழும்பிப் போயிட்டானேடா. அப்பிடியும் யாவாரமா?" பிறகு குரல் இறங்கிற்று. "டிக்கட் என்ட பொறுப்பு."

"நீங்க இல்லாட்டி நான் எங்க மச்சான்?" என்றான் ஜவுபர். மெய்யாகவே சொன்னான்.

தங்கராசாவிடம் போய் உட்கார்ந்தான். "எனக்கிட்டக் கேக்கக் கூச்சப்படுறாரே அண்ணன். நல்ல மனிசன்." சம்மதக் கடிதத்தின் தலையில் ஒரு நன்றி, நடுவில் ஒன்று, முடிவில் ஒன்று சொன்னான்.

"பேருக்கு முன்னால கலாநிதி எண்டு போடவா தம்பி?"

"குடுவை கழுவ அது என்னத்துக்கு? நன்றியை வடிவா அடிங்க, போதும்."

கடித உறையை ஒட்டுமுன் ஜவுபர் விரல் மடித்தான். எழுதியது நாற்பத்து மூன்று; பதில் வந்தது ஐந்து; வேலை ஒன்று. இருபத்து நாலு மாதத்தில் கைக்கு வந்தது ஆறு. பேரத்தில் போன பாக்கி பதினெட்டு.