தாயின் பெயரைச் சொல்லி

…இல்லை, எழுந்தது கால் மரத்துப்போனதால்தான், அந்த வரிசைக்குப் போவதற்காக இல்லை, யாராவது கேட்டால் அப்படித்தான் சொல்ல வேண்டும் என்று அவிக்தோர் ஸெல்னிக் நினைத்துக்கொண்டார், ஆனால் யாரும் கேட்கவில்லை, கால்கள் பாட்டுக்கு யூத ஜெபக்கூடத்தின் நடுமேடையை நோக்கி நடந்துகொண்டிருந்தன, முதுகு மட்டும் எப்போதும்போல நிமிர்ந்தே இருந்தது. தோரா என்னும் வேதச்சுருளை வாசிப்பதன் நடுவே ஓர் இடைவெளி. நோயில் கிடப்பவர்களின் பெயரைக் கொடுக்க ஆண்கள் வரிசையாக நிற்கிறார்கள், ஒவ்வொருவரும் குனிந்து ஃபைவலின் காதில் ஒரு பெயரைச் சொல்கிறார்கள், ஃபைவல் அதை உரக்கச் சொல்லி வேண்டுகிறான், கூடம் முழுவதும் ஆமென் என்கிறது. ஃபைவல் பிக்கோ தெருவில் ரொட்டிக்கடை வைத்திருப்பவன், ஓய்வுநாட்களில் இங்கே வாசிப்பை நடத்துகிறவன், அவன் குரலுக்கு ரகசியம் என்றால் என்னவென்று தெரியாது. அவன் சொன்னால் பெண்கள் பக்கத்துத் திரைக்கு அப்பாலும் கேட்கும். கேட்டால்? பேராசிரியர் ஸெல்னிக்கின் மகளா, சர்ச்சில் ஆர்கன் வாசிக்கிறவனைக் கட்டிக்கொண்டு போனாளே, அவளா, என்று பகல் சாப்பாட்டுக்கு முன்பே தெரு முழுவதும்… திரும்பிப் போய் உட்கார்ந்துவிடலாம், இன்னும் சிலர் முன்னால் நிற்கிறார்கள், நேரம் இருக்கிறது. நேரம் எங்கே இருக்கிறது? இந்நேரம் அவளைக் கத்தியின் கீழே கிடத்தியிருப்பார்கள்.

நேற்று மாலை, ஓய்வுநாளுக்கு மெழுகுவத்தி ஏற்றக் கையில் தீப்பெட்டியை எடுத்தபோது போன் அடித்தது. மனைவி ஹதாஸா போன பிறகு மெழுகுவத்தி ஏற்றுவதும் அவர்தான். “டாட்டேங்களா?” என்றது ஓர் ஆண்குரல். டாட்டே! பிள்ளைகள் அப்பாவைக் கூப்பிடும் சொல், வீட்டுக்குள் மட்டும் புழங்கும் சொல், அவர் தன் தகப்பனாரை அழைத்த சொல், அது முன்பின் தெரியாத ஒருவன் வாயிலா? “இது பேராசிரியர் ஸெல்னிக் வீடு” என்றார். “மன்னிச்சுக்குங்க சார், வீட்ல நாங்க அப்படித்தான் சொல்லிப் பழக்கம், சட்டுனு வந்துடுச்சு. நான் ஹோவர்ட். பெனினாவோட…” கணவன் என்ற சொல்லை அவனும் விழுங்கினான். “பெனினாவுக்கு மூளைல ரத்தக்கசிவு. காலைல ஆபரேஷன். நான் கூப்பிட்டது அவளுக்குத் தெரியாது, அவளுக்கு நினைவே இல்ல சார்.” தகவலுக்கு நன்றி என்று சொல்லி வைத்துவிட்டார். எந்த ஊர், எந்த மருத்துவமனை, எதுவும் கேட்கவில்லை. தகவலுக்கு நன்றி! பல்கலைக்கழகத்தில் அறை மாற்றியதாகச் சொல்ல வந்த குமாஸ்தாவுக்குச் சொல்வதுபோல. பிறகு சூரியன் இறங்கியது, இனி நாளை இருட்டும்வரை போனைத் தொடக் கூடாது. உயிரைக் காப்பதற்காக மீறலாம், சட்டம் தெரியாதவரா அவர், ஆனால் அவர் போன் செய்வதால் எந்த உயிர் காக்கப்படும், கத்தி அவர் கையிலா இருக்கிறது… சட்டம் நேற்று அவருடைய மானத்துக்கு முட்டுக்கொடுத்து நின்றது, அவரும் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

வரிசை ஓர் அடி நகர்ந்தது. முன்னால் நிற்கும் கிழவர் பெயர்மேல் பெயராகச் சொல்லிக்கொண்டே போகிறார். “என்னய்யா லைபுஷ், ஒரு ஊரையே கூட்டிட்டு வந்திருக்கீரு, ஆஸ்பத்திரில கட்டில் இருக்கா?” என்று ஃபைவல் கேட்க, “நீ பேரச் சொல்லுடா, கட்டில அவன் பாத்துப்பான்” என்று கிழவர் மேலே கையைக் காட்டுகிறார். பெயரைச் சொன்னால் போதுமாம். அவ்வளவுதான், அதைத்தானே அவிக்தோரும் ஆயுள் முழுவதும் எழுதினார், தடித் தடிப் புத்தகங்களாக, அடிக்குறிப்புகளோடு. ஃபேர்ஃபாக்ஸ் தெருவில் வோல்ஃப் என்று ஒரு தையல்காரர் இருந்தார், ஹங்கேரியில் படைத்தளபதியாக இருந்தவர் என்று தெருவே நம்பியது, அவர் செத்த பிறகு பார்த்தால் தளபதியும் இல்லை, ஹங்கேரியும் இல்லை, எல்லாம் கட்டுக்கதை. ஆனால் வோல்ஃப் என்று நாங்கள் கூப்பிட்டபோது யார் திரும்பினார்? அவர்தானே? ஒருவரைப் பற்றி நாம் அறிந்ததெல்லாம் தவறாகவே இருக்கட்டும், பெயர் அவரிடம்தான் போய்ச் சேரும், கொடுத்த வாயிலிருந்து கேட்ட காதுக்கும், கேட்ட காதிலிருந்து அடுத்த வாய்க்குமாக. இறைவனும் அப்படித்தான் என்று வயதான காலத்தில் எழுதினார், அவனைப் பற்றி நாம் நினைப்பதெல்லாம் பிழையானாலும் கூப்பிட்டால் அவனிடம்தான் சேரும், அதனால்தான் அறிவு இல்லாதவனும் தொழ முடிகிறது. அவனுடைய பெயரை எழுத்திலிருக்கிறபடி யாரும் உச்சரிப்பதில்லை, ‘அந்தப் பெயர்’ என்று மட்டும் சொல்வார்கள், சொல்லாமலே சுட்டுவது… மாணவர்கள் கைதட்டினார்கள். அந்த வருடம்தான் அவர் வீட்டிலும் ஒரு பெயரைச் சொல்லக் கூடாதென்று ஆனது. இறைவனுக்குப் பயந்து சொல்லாத பெயர் ஒன்று, ஊருக்குப் பயந்து சொல்லாத பெயர் ஒன்று.

தன் அம்மாவின் பெயரைத்தான் மகளுக்கு வைத்தார். உயிரோடு இருப்பவர் பெயரை வைக்கும் வழக்கம் இல்லை, அம்மா போய் அடுத்த குளிர்காலத்தில் பிறந்தாள், கையில் வாங்கி, பெனினா என்றார், ஹதாஸா கட்டிலில் அழுதுகொண்டே சிரித்தாள். இவள் பெயரைப் பூட்டியபோது அம்மாவின் பெயரும் சேர்ந்து பூட்டிக்கொண்டது, அதை அவர் யோசிக்கவில்லை. பண்டிகைகளில் இறந்தவர்களை நினைக்கும் தொழுகையில் அம்மாவின் பெயர் வரும் இடத்தில் அவர் உதடு மட்டும் அசையும். அம்மா என்ன பாவம் செய்தாள்? ஹதாஸா நல்லவள், பெயரைச் சொல்லவே மாட்டாள், “அவ போன் பண்ணினா”, “அவளுக்குப் பல்லு வலியாம்” என்பாள், அவர் நாளிதழைத் திருப்புவார், அவ என்றால் யார் என்று ஒருநாளும் கேட்க வேண்டியிருந்ததில்லை. கடைசியில், மூக்கில் குழாயோடு, “அவிக்தோர், அவ பேரச் சொல்லு. ஒரே ஒரு தடவ. உன் வாயால கேட்டுட்டுப் போறேன்” என்றாள். அவர் வேதத்தின் சங்கீதப் பாடல்களை வாசித்தார். நல்ல உச்சரிப்போடு, ஓர் எழுத்துகூடப் பிசகாமல், அவள் கண்ணை மூடிக்கொள்ளும்வரை வாசித்தார். அடக்கத்துக்கு அந்தப் பெண் வந்து வேலிக்கு வெளியே நின்றாள், நீல நிறக் கோட்டு, அவர் பார்க்கவில்லை, பார்க்காமல் எப்படி நீலம் என்று தெரியும்?

“புரொஃபசர்!” ஃபைவல் புருவத்தைத் தூக்கினான். “என்ன, நீங்களே எறங்கி வந்துட்டீங்க? ஆளனுப்பியிருந்தா நானே வந்திருப்பேனே. சொல்லுங்க, யாருக்கு?” மாவு வாசனை அடித்தது அவன் தாடியில், வெள்ளி மாலையே கடையை அடைத்துக் குளித்திருப்பான், ஆனாலும் போகாது. சொல்ல வேண்டியது ஒரு பெயர், எங்கே அந்தப் பெயர், வருடக்கணக்கில் திறக்காத அலமாரிக் கதவைப்போல… “பெனினா” என்றார். வந்துவிட்டது. சின்னச் சொல். “பெனினா, அவிக்தோரின் மகள்.” ஃபைவல் வாயைத் திறந்து, மூடி, அவர் காதருகே குனிந்தான், அவனுக்கும் மெல்லப் பேச வருகிறதே. “புரொஃபசர்… அம்மா பேரு. சீக்காளிக்கு அம்மா பேரச் சொல்லித்தான் வேண்டணும். அப்பா பேரு…” அவன் முடிக்கவில்லை. முடிக்க வேண்டியதில்லை. அப்பா பேரைச் சொல்வது செத்தவர்களுக்கு. கல்லறைக் கல்லில் வெட்டுவது அப்பா பேர். பச்சைப் பிள்ளைக்கும் தெரிந்த வழக்கம், இத்தனை ஆண்டு கிழக்குச் சுவரோரம் பெரியவர்களுக்கான இடத்தில் உட்கார்ந்தவர், ரப்பி என்னும் மதகுருக்களின் வம்சம், மகளை வாயாலேயே புதைத்துவிட்டு நிற்கிறார். மனம் அவளை எப்போதோ செத்தவர்கள் வரிசையில் வைத்துவிட்டிருந்ததா, வாய் பழகிய தடத்தில் போய்விட்டதா? “ஹதாஸா” என்றார். குரல் உடைந்தது, ஓய்வுநாளில் கதறி வேண்டக் கூடாது, இருமி மறைத்தார். “பெனினா, ஹதாஸாவின் மகள்.” ஃபைவல் அவரைப் பார்க்காமல், கண்ணை மூடிக்கொண்டு, தன் ரொட்டிக்கடைக் குரலில் சொன்னான், திரைக்கு அப்பாலும் கேட்டது, கூடம் முழுவதும் ஆமென் என்றது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. கிழவர் லைபுஷ் மட்டும் வழிவிட்டு, “உம்ம பொண்ணா? நல்லா வந்துடுவா, போம், போய் உக்காரும்” என்று முழங்கையைத் தொட்டார். அவ்வளவுதானா? இதற்காகவா இத்தனை காலம்?

இருக்கையில் வந்து உட்கார்ந்தார், முதுகு பலகையில் சாய்ந்தது, எப்போது சாய்ந்தது என்று தெரியவில்லை. நடந்து முடிந்த ஒன்றுக்காக வேண்டுவது வீண் வேண்டுதல் என்பார்கள், காலையிலேயே கத்தி வைத்திருந்தால், காலையிலேயே எல்லாம் முடிந்திருந்தால், அந்தப் பெயர் இப்போது எங்கே போயிருக்கும்? அவளிடம்தான் போயிருக்கும், செத்தவர்களிடமும் பெயர் சேரும், அதில் அவருக்குச் சந்தேகம் இல்லை, அவர் நிரூபித்ததே அதைத்தான், ஆனால் சேருகிற இடத்தில் கேட்க ஆள் இருக்க வேண்டும் என்பது அந்த நிரூபணத்தில் எங்கும் வரவில்லை. இருட்ட இன்னும் வெகுநேரம் இருக்கிறது. இருட்டினாலும் எங்கே கூப்பிடுவது, அவன் எண்கூடத் தெரியாது… வீட்ல நாங்க அப்படித்தான் சொல்லிப் பழக்கம். என்ன சொன்னான் அவன்? நாங்க என்றான். பழக்கம் என்றான். அப்படியென்றால் அந்த வீட்டில்… சாப்பாட்டு மேஜையிலா, டாட்டேவுக்கு மீன் பிடிக்காது என்றா, டாட்டே இப்படித்தான் முறைப்பார் என்று நடித்துக் காட்டியா, கோபத்திலா, சிரிப்பிலா, எப்படியோ, இங்கே ஒரு பெயர் பூட்டிக் கிடந்த காலமெல்லாம் அங்கே ஒரு பெயர் வாயிலிருந்து காதுக்கும் காதிலிருந்து வாய்க்குமாகப் புழங்கி, அந்தச் சொல்லை எழுதக்கூடத் தெரியாத ஓர் ஆர்கன்காரன் வாய்வரைக்கும் போய், நேற்று மாலை சரியான வீட்டுக்கே வந்து சேர்ந்திருக்கிறது. டாட்டேங்களா என்று கேட்டது. இது பேராசிரியர் ஸெல்னிக் வீடு என்றார். மேடையில் அடுத்த பகுதியை வாசிக்கத் தொடங்கினார்கள், பக்கத்திலிருந்தவர் புத்தகத்தில் இடத்தைக் காட்டினார், அவிக்தோர் அந்த எழுத்துகளையே பார்த்துக்கொண்டிருந்தார். வந்து சேர்ந்தது சரி… சேர்ந்த இடத்தில் ஆள் இருந்ததா?