பிறந்த எடையும் கோட்டின் தொடக்கமும்

ஸமீஹாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. நாற்காலியில் உட்காருவதும் எழுந்து கதவுக் கண்ணாடி வழியே எட்டிப் பார்ப்பதுமாக இருந்தாள். உள்ளே, குறைமாதத்தில் பிறந்த மகள் கண்ணாடிப் பெட்டியில் கிடந்தாள். பாளையங்கோட்டையில் இந்த ஆஸ்பத்திரிக்கு வந்து இன்றோடு பத்து நாள்.

பெட்டியின் தலைமாட்டில் ஒரு வரைபடத் தாள் தொங்கியது. கிடையாக நாட்கள், செங்குத்தாக எடை. தினமும் காலையில் நர்ஸ் ஒரு புள்ளி வைப்பார். ஆயிரத்து எண்ணூறு கிராம் வந்தால் வீட்டுக்கு விடுவதாகச் சொல்லியிருந்தார்கள்.

துபாயிலிருந்து அவள் கணவன் தாஜ் முகம்மது முந்தாநாள் கேட்டான். "எப்பம் விடுவாங்க, ஸமீ? கம்பெனியில ஒரு வாரந்தான் லீவு தருவான்."

அவள் மேலப்பாளையத்தில் ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு எடுப்பவள். கடைசிப் புள்ளிகளின் சாய்வைப் பார்த்தாள். நாளுக்கு இருபது கிராம். பிறந்த எடையான ஆயிரத்து நானூற்று ஐம்பதிலிருந்து கூட்டிப் பார்த்தாள். "பதினெட்டாம் நாள் வீட்டுல இருப்போம், மச்சான்." அவனும் பதினேழாம் நாள் வந்து இறங்கும்படி டிக்கெட் எடுத்துவிட்டான்.

உள்ளே விட்டதும் தாளைப் பார்த்தாள்; இன்றைய புள்ளி ஆயிரத்து ஐந்நூற்று இருபதில் இருந்தது. அவள் கணக்குப்படி ஆயிரத்து அறுநூற்று ஐம்பது இருக்க வேண்டும். கைபேசியின் விளிம்பைப் புள்ளிகளோடு சேர்த்து வைத்து, கோட்டை இடப்பக்கம் நீட்டிப் பார்த்தாள். அது எடை அச்சை ஆயிரத்து முந்நூற்று இருபதில் வெட்டியது. பிறந்த அன்று வைத்த புள்ளியோ அதற்கு மேலே தனியாக நின்றது.

பிள்ளைகளைப் பார்க்க வந்த டாக்டரை அவள் நிறுத்தினாள். "டாக்டர், இது வேற பிள்ளையோட தாளா? எடையைத் தப்பாப் போட்டுட்டாங்களா?"

டாக்டர் பெனோ குனிந்து பார்த்தார். "பதறாதீங்கம்மா. எல்லாப் பிள்ளைக்கும் முத மூணு நாள் எடை குறையும். அதுக்கப்புறந்தான் ஏறும். உங்க கோடு அங்கன இருந்துதான் தொடங்குது. ஆயிரத்து முந்நூத்தி இருபதுங்கிற எடையில உங்க பிள்ளை ஒரு நாளும் இல்லை."

சாய்வு சரி, தொடக்கம் தப்பு. வகுப்பில் பிள்ளைகளுக்கு இதற்கு மார்க் குறைப்பவள் அவள். அந்த இடத்திலேயே இன்றைய எடையிலிருந்து கணக்கைத் திரும்பப் போட்டாள். இருபத்து நான்காம் நாள் வந்தது. தாஜ் இருபத்து மூன்றாம் நாள் திரும்ப வேண்டியவன்.

உடனே போனில் அவனிடம் சொன்னாள்.

"வைதாலும் வைங்க மச்சான், என் கணக்கு தப்பாப் போச்சு."

"வையுததுக்கு என்ன இருக்கு? வீட்டைப் பார்க்கவா வாரேன்? எம்பிள்ளையைப் பார்க்க வாரேன்."

அவன் வந்தான். நர்ஸ் சட்டையைக் கழற்றச் சொல்லி, குழந்தையை அவன் நெஞ்சோடு அணைத்து வைத்துப் போர்த்தினார். மூச்சுவிடவும் பயந்துகொண்டு அவன் அசையாமல் கிடந்தான். ஸமீஹா தராசுக்கும் தாளுக்குமாக நடந்தாள். ஒரு நாள் எடை ஏறவேயில்லை. அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

தாஜ் கிளம்பிய மூன்றாம் நாள் குழந்தையை வீட்டுக்கு விட்டார்கள். ஆட்டோ தாமிரபரணிப் பாலத்து நெரிசலில் நின்றபோது ஸமீஹா வீடியோவில் அவனை அழைத்து, துணியைப் பைய விலக்கி, தூங்குகிற முகத்தைக் காட்டினாள்.