அஞ்சு லிட்டர் ஆற்றுத் தண்ணீர்

1.

இந்தக் கதை என்னுடையதல்ல. எதிர்வீட்டுப் பிரம்மநாயகி மதினி, என் அடுக்களையில் நின்று, யாரிடமும் சொல்லாதே என்று சொல்லி ஒப்படைத்தது. நான் எங்கே சொல்கிறேன்? எழுதத்தானே செய்கிறேன்.

“நீலக்கடல் சூழ்ந்த அந்தமானின் அந்தச் சின்னத் தீவில்...” வேண்டாம். அம்பாசமுத்திரத்தைத் தாண்டி நான் போனதெல்லாம் கல்யாண வீடுகளுக்குத்தான்.

“வாடகை ஸ்கூட்டரின் சாவியை அவள் எடுத்தபோது...” அவசரம். முதலில் கேனைச் சொல்ல வேண்டும்.

2.

மதினியின் கணவர் தில்லைநாயகம் அண்ணாச்சி, ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். நான் எழுதுவதையெல்லாம் முதலில் வாசித்துச் சிவப்பு மையால் திருத்துபவரும் அவர்தான். (இதை மறந்துவிடாதீர்கள். நான் மறந்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன்.)

தாமிரபரணியைத் தவிர வேறு தண்ணீர் தன் வயிற்றுக்கு ஆகாது என்பது அவர் கட்சி. மகன் இருவருக்கும் அந்தமானுக்கு டிக்கெட் போட்டதும் ஐந்து லிட்டர் கேன் வாங்கினார். ஆற்றில் பிடித்து, காய்ச்சி, பெட்டியில் வேட்டிகளுக்கு நடுவே படுக்கவைத்து விமானத்தில் ஏற்றிவிட்டார். அங்கே வேளைக்கு அரை டம்ளர், அவருக்கு மட்டும்.

“ஏளா, நீ எதக் குடிச்சாலும் தாங்குவே” என்றார் மதினியிடம்.

தீவில் ஸ்கூட்டர் வாடகைக்கு எடுத்தார்கள். அண்ணாச்சி முன்னால், மதினி பின்னால். கடற்கரை வந்தால் வண்டியை விட்டு இறங்காமலே ஒரு பார்வை.

“பாத்தாச்சுல்லா? பையப் போவோம்.”

மதினிக்கும் ஓட்டத் தெரியும்.* அது அண்ணாச்சிக்குத் தெரியாது.

* கோயிலுக்கு என்று கிளம்பி, இரண்டு மாதம் வயல் ரோட்டில் பழகினாள். லைசென்ஸும் எடுத்தாயிற்று. பழகியது என் வண்டியில். இண்டிகேட்டர் உடைந்ததும் அப்போதுதான்.

3.

மூன்றாம் நாள் மதியம், அண்ணாச்சி குறட்டையில் இருந்தபோது, மதினி சாவியை எடுத்தாள். கேனையும் எடுத்தாள்.

கேன் எதற்கு? இந்த இடத்தில் கதாநாயகியை நான் நம்பவில்லை. கேட்டேவிட்டேன்.

“வெயில்ல தாகம் எடுத்தா என்னளா செய்ய? நானும் ஆத்தங்கரைக்காரிதானே?”

பாக்குத் தோப்பு, தென்னை, வளைவு, திடீரென்று கடல். முப்பது வருஷமாக அவள் வண்டியில் பார்த்ததெல்லாம் அண்ணாச்சி முதுகுக்கு இடமும் வலமும்தான். இப்போது நடுவிலும் உலகம் இருந்தது.

ஆளில்லாத கரையில் சேலையோடு இறங்கிக் குளித்தாள். ஏறியதும் உடம்பெல்லாம் உப்புப் பிசுபிசுப்பு. ஆற்றில் முங்கிப் பழகியவளுக்கு அப்படியே வண்டி ஏற மனசு வரவில்லை. பக்கத்தில் குழாய் இல்லை. கேனைத் தூக்கித் தலையில்

(முடிக்கப் பயமாக இருக்கிறது.)

கவிழ்த்தாள். ஒரு சொட்டு மிச்சமில்லை. சேலையைக் காற்று காயவைத்தது. கேனை ஒரு டீக்கடைக் குழாய் நிரப்பியது.

சாயங்காலம் அண்ணாச்சி அரை டம்ளர் குடித்துக் கண்ணை மூடினார். “ஏளா, நம்ம ஆத்துத் தண்ணி ருசியே தனி, கேட்டியா?”

4.

ஊர் திரும்பியதிலிருந்து அசன் மைதீன் கடையில் அண்ணாச்சிக்கு இதே பேச்சு: “அஞ்சு நாளு, வேற தண்ணி ஒரு சொட்டு தொடல வே!”

மதினியோ சொந்தமாக ஒரு ஸ்கூட்டருக்குச் சொல்லிவைத்துவிட்டாள். வெள்ளிக்கிழமை வாசலுக்கு வருகிறது. எப்போ பழகினே என்பார். அங்கனயும் ஓட்டினியா என்பார். மதினிக்குப் பாதி உண்மையில் நிற்கத் தெரியாது, கேன்வரை போய்விடுவாள்.

முடிவு ஒன்று: வண்டியே வேண்டாமென்று சொல்லிவிடுகிறாள். (அடித்துவிட்டேன். உடைந்த என் இண்டிகேட்டருக்கு என்ன மரியாதை?)

முடிவு இரண்டு: அண்ணாச்சி சிரித்துக்கொண்டே பின்னால் ஏறுகிறார். (அவரைத் தெரியாதவர்கள் நம்பலாம்.)

மதினியிடமே கேட்டேன். “எழுதி அவாள்ட்ட குடுத்துரு. என் வாயால வராது.”

5.

இன்று வெள்ளிக்கிழமை. முதல் நாலு பகுதியும் என் வீட்டு முன்னறையில் அண்ணாச்சி கையில் இருக்கிறது. இதை அடுக்களையில் நின்றபடி எழுதுகிறேன். ஜன்னல் வழியே தெரிகிற எதிர்வீட்டு வாசலில் மதினி புது வண்டியின் மேல் உட்கார்ந்திருக்கிறாள், சாவியைத் திருகவில்லை. என் வீட்டுக் கதவையே பார்க்கிறாள்.

இரண்டாம் பகுதிவரை சிவப்புப் பேனா சத்தம் கேட்டது. மூன்றில் நின்றுவிட்டது. பிறகு அண்ணாச்சியின் குரல்:

“ஏளா... குடிக்கக் கொஞ்சம் தண்ணி கொண்டா.”

குழாயில் வருவது ஆற்றுத் தண்ணீர். மூலையில் இருப்பது கடையில் வாங்கிய கேன் தண்ணீர். டம்ளரை நான் பிடித்துக்கொள்கிறேன். நீங்கள் ஊற்றுங்கள்.