அதே ஓட்டையில் மூன்றாம் முறை

காலை ஏழரைக்கு வேலை முடிந்து வந்தவளைப் படுக்கையறையில் வரவேற்றது, கட்டிலின் குறுக்கே விழுந்து கிடந்த திரைக்கம்பி. துணி முழுக்க வெள்ளைப் பொடி. வெயில் தலையணைமேல் பளீரென்று அடித்துக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு இரவு வேலை. அறை இருட்டாக இல்லாவிட்டால் பகலில் பொட்டுத் தூக்கம் வராது. அப்படித் தூங்காமல் போய்த்தான் போன வாரம் ஒருவருடைய ரத்தம் இருந்த குப்பியில் இன்னொருவர் பெயரை ஒட்டிவிட்டாள். நல்லவேளை, அங்கேயே கண்டுபிடித்துவிட்டார்கள். இன்னொரு தடவை நடந்தால் வேலை போய்விடும் என்று மேலதிகாரி எழுதியே கொடுத்துவிட்டார்.

கம்பி விழுவது இது மூன்றாம் முறை. மாட்டியவர் வீட்டு இன்ஜினியர், அதாவது அவள் கணவன். இன்சூரன்ஸ் ஆபீசில் விண்ணப்பங்களுக்கு முத்திரை குத்துகிறவனுக்கு, டிரில் மிஷின் வாங்கிய நாளிலிருந்து தலைகால் புரியவில்லை. முதலில் சின்னத் திருகு போட்டான், விழுந்தது. அதே ஓட்டையில் பெரிய திருகு, விழுந்தது. அதே ஓட்டையில் தீக்குச்சிகளைத் திணித்து, பசையைப் பூசி, அதைவிடப் பெரிய திருகு. கூரையில் இருப்பதோ மெல்லிய அட்டைப் பலகை, அதற்கு மேல் வெறும் காற்று. காற்றைப் பிடித்துக்கொண்டு எந்தத் திருகு நிற்கும்?

"துணி கனம் ஜாஸ்தி. நீ இழுக்கிற இழுப்பும் அப்படி," என்றான், பல் விளக்கியபடியே.

"நாலு விரக்கடை உள்ள தள்ளிப் போடுங்க. அங்கதான் கட்டை ஓடுதுன்னு கீழ்வீட்டு தச்சர் அன்னைக்கே சொன்னாரே."

"அப்ப இந்த ஓட்டைங்க?"

"அடைச்சுக்கலாம்."

"அடைச்சா, நான் தப்பா போட்டேன்னு ஆயிடாதா?"

மனுஷனுக்கு வந்த கவலையைப் பார்! அவள் வேலை போனாலும் போகட்டும், இவர் போட்ட ஓட்டைக்கு இழுக்கு வந்துவிடக் கூடாது.

அவன் குளிக்கப் போனதும் அவள் ஸ்டூலில் ஏறினாள். விரல் முட்டியால் கூரையைத் தட்டிக்கொண்டே வந்தாள். தச்சர் சொன்ன இடத்தில் சத்தம் கெட்டியானது. மெல்லிய ஆணியை அடித்துப் பார்த்தாள். உள்ளே கட்டை இருந்தது. துளையிட்டு, திருகி, கம்பியை மாட்டி, ஒரு தொங்கு தொங்கியும் பார்த்தாள். அசையவில்லை. மொத்தம் இருபது நிமிஷம்.

துண்டோடு வந்தவன் அண்ணாந்து பார்த்தான். கைபேசியை எடுத்துப் படம் பிடித்தான். கொஞ்ச நேரத்தில் குடும்பக் குழுவில் அந்தப் படம் வந்தது. 'ஒருவழியா கம்பிய நிக்க வெச்சாச்சு' என்று எழுதியிருந்தான். 'என் புள்ள கை பட்டா நிக்காம போகுமா' என்று உடனே பதில் போட்டாள் மாமியார்.

தனக்குக் கோபம் வரும் என்று அவள் காத்திருந்தாள். வரவில்லை. பாராட்டைப் படித்துப் படித்துப் பல்லிளிக்கும் அந்த முகத்தைப் பார்த்தபோது பாவம் என்றுகூடத் தோன்றவில்லை. அதுதான் அவளைக் கொஞ்சம் பயமுறுத்தியது.

"பழைய ஓட்டை தெரியாம படம் எடுத்தேன், பாத்தியா?"

"பாத்தேன்." அவனுடைய தலையணையை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். "இதை எடுத்துட்டுப் போங்க. கதவச் சாத்துங்க."

"ஏன், தூசியா? தட்டிட்டுக் கொண்டாந்துடறேன்."

அவள் திரையை இழுத்தாள். அறை நன்றாக இருண்டது. திரும்பக் கொண்டுவர வேண்டாம் என்பதை எழுந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று படுத்தவள், உடனே தூங்கிப்போனாள்.