நாலரை விநாடி

படவேட்டில் நான் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். பெயர் சரிதா. என் தம்பி அருண்ராஜ் ரேபிட் ஃபயர் பிஸ்டல் சுடுகிறவன். என்னைவிட ஆறு வயது சின்னவன். அவனுக்குப் பயிற்சிக் களம் அமைத்துக் கொடுத்தது நான். அவனைக் கெடுத்ததும் நான்தான்.

அந்தப் போட்டியில் ஐந்து இலக்குகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு குண்டு. முதலில் எட்டு விநாடிக்குள் ஐந்தையும் சுட வேண்டும், பிறகு ஆறு விநாடிக்குள், கடைசியில் நான்கு விநாடிக்குள். சிவப்பு விளக்கு எரியும்போது கை தாழ்ந்திருக்க வேண்டும். பச்சை வந்ததும் உயர்த்திச் சுட வேண்டும். மறுபடி சிவப்பு வந்தபிறகு போகிற குண்டுக்குப் பூஜ்யம்.

ஐப்பசி மழையில் அவனுடைய துப்பாக்கி சுடும் கழகத்தில் குண்டு தடுக்கும் மண்மேடு சரிந்துவிட்டது. இருபத்தைந்து மீட்டர் தளத்தை நான்கு மாதம் மூடிவிட்டார்கள். மாசியில் மாநில அணிக்கான தேர்வுப் போட்டி. வேறு வழியில்லாமல் எங்கள் கரும்புத் தோட்டத்தின் பழைய வெல்லக் கொட்டகையைச் சுத்தம் செய்தோம். பத்து மீட்டர் அளந்து கோடு போட்டோம். தூரம் குறைந்ததற்கு ஏற்ப இலக்குகளைச் சின்னதாக வெட்டி, முப்பது சென்டிமீட்டர் இடைவெளியில் ஐந்தை ஒட்டினேன். பின்னால் மணல் மூட்டைகள். விளக்குகளுக்கு நானே ஒரு டைமர் பெட்டி செய்தேன். நேரத்தைக் கூட்டவும் குறைக்கவும் உள்ளே ஒரு சின்னத் திருகு இருந்தது.

ஐந்து குண்டு ஏற்றும் ஏர் பிஸ்டலை வைத்துக்கொண்டு தினமும் காலையில் பழகுவான். கையை மட்டும் நகர்த்தக் கூடாது, இடுப்பிலிருந்து உடம்பே திரும்ப வேண்டும் என்று எனக்கு விளக்குவான். எட்டும் ஆறும் அவனுக்கு எளிதாக வந்தன. நான்கு வரவில்லை. ஐந்தாவது குண்டு எப்போதும் சிவப்பில்தான் போகும். ஒரு மாதம் இப்படியே ஓடியது. ஒருநாள் பிஸ்டலைப் பெட்டியில் வைத்து மூடிவிட்டு, மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டான்.

"வேணாங்கா. நாலு செகண்டு எனக்கு வராது. அம்மா சொல்ற மாதிரி கரும்ப பாத்துக்கினு கெடக்கறேன்."

"ஒரு மாசத்துல இன்னாடா தெரியும்? நாளைக்கி வா."

மறுநாள் அவன் வருவதற்கு முன் நான் கொட்டகைக்குப் போனேன். பெட்டியைத் திறந்து திருகைக் கொஞ்சம் திருப்பினேன். போனில் வீடியோ எடுத்துப் பார்த்தேன். பச்சை விளக்கு நாலரை விநாடி எரிந்தது. ஒரு வாரம் இப்படி இருக்கட்டும், நம்பிக்கை வந்தபிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துவிடலாம் என்று நினைத்தேன்.

அன்று ஐந்து குண்டும் பச்சையில் போயின. கொட்டகையே அதிரும்படி கத்தினான். "பாத்தியாக்கா! அஞ்சும் போச்சி!" என் கையைப் பிடித்துச் சுற்றினான். நானும் சிரித்தேன்.

பத்து நாள் கழித்து, நினைத்தபடி குறைத்துப் பார்த்தேன். அன்று அவனுடைய ஐந்தாவது குண்டு மறுபடி தவறியது. அவன் முகம் செத்துப்போனது. மறுநாள் காலை பழையபடி நாலரைக்கே திருப்பி வைத்தேன். முதல் முறை அவனுக்காகத் திருப்பினேன். இரண்டாவது முறை, அந்த முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லாததால் திருப்பினேன். அதற்கப்புறம் நான் அந்தத் திருகைத் தொடவேயில்லை.

அவனோ நன்றாகத் தேறினான். ஐம்பதுக்கு நாற்பத்தாறு, நாற்பத்தேழு என்று வந்தது. நான் செய்த பெட்டியைப் பற்றி ஊரெல்லாம் பெருமை பேசினான். அவன் பேசப் பேச, உண்மையைச் சொல்வது எனக்குக் கடினமாகிக்கொண்டே போனது. போட்டியில் வேகம் தானாக வந்துவிடும் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். அவன் உடம்பு நாலரை விநாடிக்குப் பழகிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். தெரிந்தும் இருந்தேன்.

மாசியில் சென்னைக்கு என்னையும் கூட்டிப்போனான். "நீ வந்து பாக்கணும்" என்று பிடிவாதம் பிடித்தான். பார்வையாளர் வரிசையில் அவன் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். எட்டு விநாடிச் சுற்று முடிந்தபோது மூன்றாவது இடத்தில் இருந்தான். ஆறில் நான்காவது. பிறகு நான்கு விநாடி.

பச்சை வந்தது. கை உயர்ந்தது. முதல் குண்டுக்கு அவன் எடுத்துக்கொண்ட நிதானத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அது எங்கள் கொட்டகையின் நிதானம். இரண்டு, மூன்று, நான்கு. சிவப்பு. அதற்குப் பிறகு ஐந்தாவது வெடித்தது.

தலை நிமிர்ந்து விளக்கைப் பார்த்தான். ஒன்றும் புரியாதவன் மாதிரி பார்த்தான். அடுத்த முறை அவசரப்பட்டான். குண்டுகள் சிதறின. மறுபடி எட்டு, ஆறு, நான்கு என்று வரும் இரண்டாம் பாதியிலும் அதே கதைதான். முடிவில் பத்தொன்பதாவது இடம்.

கழகத்துப் பயிற்சியாளர் கோபால்சாமி சார் அவன் தோளைத் தட்டி, "பிராக்டீஸ்ல சுடுறவன் வேற, மேட்ச்ல சுடுறவன் வேறப்பா. எல்லாருக்கும் அந்த நெஞ்சு இருக்காது" என்றார். நான் இரண்டடி தள்ளி நின்றிருந்தேன். அப்போது சொல்லியிருக்கலாம். தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் ஆரணி தாண்டியிருந்தோம். ஜன்னல் பக்கம் பார்த்தபடியே அவன் சொன்னான்.

"மன்னிச்சிக்கக்கா. நீ அவ்ளோ கஷ்டப்பட்டு செஞ்சி குடுத்த. நான்தான் பயந்துட்டேன்."

"நீ பயப்படலடா."

"வூட்ல வருது, அங்க வரலன்னா வேற இன்னா?"

ஊர் வந்ததும் அவன் பையை நான் தூக்கிக்கொண்டேன்.

அடுத்த வாரம் அவன் மலைமேல் இருக்கும் புதூர்நாட்டுக்குப் போய்விட்டான். அங்கே அவன் நண்பன் வெற்றிச்செல்வன் புளிய மரங்களைக் குத்தகைக்கு எடுத்திருந்தான். புளி உலுக்கும் வேலை. அம்மா பாஞ்சாலி வருகிறவர்களிடமெல்லாம், "அவனுக்கு நெஞ்சு பத்தல, அதான் மலைக்கு போய்ட்டான்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கடையில், அடுப்படியில், எங்கே இருந்தாலும் அந்த வார்த்தை என் காதில் விழும். சோறு இறங்கவில்லை. ஒரு மோட்டாருக்கு இரண்டு முறை தப்பாகக் காயில் கட்டினேன்.

மூன்றாவது வாரம் கடையைப் பூட்டிவிட்டுத் திருப்பத்தூர் பஸ் ஏறினேன். அங்கிருந்து ஜீப். புதூர்நாட்டில் இறங்கி விசாரித்து நடந்தேன். ஒரு மரத்தடியில் பெண்கள் புளியம்பழம் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். அருண்ராஜ் சாக்கு தைத்துக்கொண்டிருந்தான். இளைத்திருந்தான்.

"இன்னாக்கா, அம்மாவுக்கு எதனா..?"

"அம்மா நல்லாக்கீது. உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

கொஞ்ச தூரம் தள்ளிப் போய் நின்றோம். வழியெல்லாம் என்னென்னவோ வார்த்தை சேர்த்து வைத்திருந்தேன். எதுவும் வரவில்லை.

"டைமர்ல நேரத்த கூட்டி வெச்சிருந்தேன்டா. நாலு இல்ல. நாலரை."

சாக்கு ஊசி இன்னும் அவன் கையில் இருந்தது.

"எப்ப இருந்து?"

"நீ வேணாம்னு ஒக்காந்தியே, அதுக்கு மறுநாள்ல இருந்து."

"தெரியாம ஆச்சா?"

"தெரிஞ்சிதான் செஞ்சேன்."

"அங்க நான் சுடும்போது உனக்கு தெரியும்?"

"தெரியும்."

"பஸ்ல நான் அப்டி சொன்னப்போ?"

ஆமாம் என்று தலையசைத்தேன். அவன் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் தேவலை.

"ஒரு மாசமா நான் பயந்தாங்கொள்ளின்னு நெனச்சிக்கினு இருக்கேங்கா. கைய பாத்தாலே வெறுப்பா இருக்குது எனக்கு." அவ்வளவுதான் சொன்னான். "ஜீப்பு போய்டும், கெளம்பு" என்று சாக்குகள் பக்கம் திரும்பிவிட்டான்.

அன்று வீடு திரும்பியதும் அம்மாவிடம் சொன்னேன். அம்மா அடிப்பது மாதிரி கையை ஓங்கி, பிறகு தன் தலையிலேயே போட்டுக்கொண்டாள். மறுநாள் கோபால்சாமி சாருக்குப் போன் செய்தேன். முழுவதையும் கேட்டுக்கொண்டார்.

"அவன கழகத்து பயிற்சி அணில இருந்து எடுத்துடலாம்னு எழுதிக் குடுத்துட்டேம்மா" என்றார்.

"தப்பு என்னுதுங்க சார். அத மாத்தி எழுத முடியுங்களா?"

"அவன வரச் சொல்லு. நாலு செகண்டுல சுட்டு காட்டட்டும். அப்புறம் பாக்கலாம்."

நான் கூப்பிட்டால் அருண்ராஜ் எடுக்கவில்லை. சாரே கூப்பிட்டுப் பேசினார். புளி முடிந்ததும் மலையிலிருந்து இறங்கினான். எங்கள் கொட்டகைக்கு வரவில்லை. கழகத்துத் தளம் திறந்துவிட்டிருந்தது. பக்கத்தில் அறை எடுத்துத் தங்கி அங்கேயே பழகினான். பழைய தாளத்தை உடம்பிலிருந்து எடுக்க ஐந்து மாதம் ஆனது என்று பிறகு சார் சொல்லித் தெரிந்துகொண்டேன். அந்த ஐந்து மாதமும் பண்டிகைக்கு வருவான், அம்மாவோடு பேசுவான், நான் பரிமாறினால் சாப்பிடுவான். சுடுவதைப் பற்றி மட்டும் என்னிடம் ஒரு வார்த்தை பேச மாட்டான். நானும் கேட்கவில்லை. கேட்கிற உரிமை எனக்கில்லை என்று இருந்துவிட்டேன்.

அடுத்த தேர்வுக்கு என்னை அழைக்கவில்லை. அன்று பகல் முழுவதும் கடையில் கை ஓடாமல் உட்கார்ந்திருந்தேன். நான்கு மணிக்குப் போன் வந்தது.

"நாலாவது வந்தேன். மூணு பேரத்தான் எடுக்கறாங்க."

"போவட்டும்டா" என்றேன்.

"ஒரு குண்டு கூட செவப்புல போவலக்கா."

அவன் போனை வைக்கவில்லை. பின்னால் யாரோ அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

"ராத்திரிக்கி வூட்டுக்கு வர்றேன்" என்றான். "அம்மாகிட்ட சொல்லிடு."